ஆர்க்கிட் யாருக்குரிய பூ?

ஆர்க்கிட் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில், "அது சீமான் வீட்டுப் பூ, நமக்கேன் அந்த ஆசை?" என்று ஒதுங்குவார் நம்மவருள் பலர். மல்லிகை நம் பூவாம், செவ்வந்தி நம் பூவாம், செம்பருத்தியும் நம் பூவாம். ஆர்க்கிட் மட்டும் துரை வீட்டுப் பூவாம்! இவ்வெண்ணம் எங்கிருந்து வந்தது? பூவின் இயல்பிலேயே அமைந்ததா, அன்றி மனிதர் கட்டிய வேலியா? வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் விடை தானே விளங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பிரபுக்களை ஆர்க்கிட் பித்து ஆட்டி வைத்தது. குளிர் நாட்டில் வெப்பநாட்டுச் செடி வளர வேண்டுமானால் கண்ணாடி மனை வேண்டும். மனைக்கு இரவும் பகலும் கணப்பு வேண்டும். கணப்புக்கு வண்டி வண்டியாய் நிலக்கரி வேண்டும். ஏழைக்கு இது எட்டுமா? வணிகர்கள் ஆசியக் காடுகளுக்கும் அமெரிக்கக் காடுகளுக்கும் ஆளனுப்பி, மரங்களைச் சாய்த்துச் செடிகளை மூட்டை மூட்டையாய்க் கப்பலேற்றினர். வழியில் மாண்டவை போக, வந்து சேர்ந்தவற்றையும் காற்றுப் புகாத புழுக்க அறையில் பூட்டி வைத்தனர். வெப்பநாட்டுச் செடிக்கு வெப்பமே போதும் என்பது அவர்கள் கொண்ட முடிவு. செடிகள் வெந்து மடிந்தன. 1830-களில் டெவன்ஷயர் பிரபுவின் சாட்ஸ்வொர்த் தோட்டத்தில் தலைமைத் தோட்டக்காரராயிருந்த ஜோசப் பாக்ஸ்டன், வேளாண் குடியிற் பிறந்தவர், சன்னலைத் திறந்து காற்றோட்டம் தந்தார், வெப்பத்தைக் குறைத்தார், செடிகள் பிழைத்தன. பிரபுவின் பணம் காணாததை உழைப்பாளியின் கண் கண்டது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். கிள்ளான் துறைமுகத்திலிருந்து பூச்சோங், கோலாலம்பூர் வரை விரிந்து கிடக்கும் இப்பள்ளத்தாக்கில் வெப்பம் பெரும்பாலும் 23 பாகைக்கும் 33 பாகைக்கும் இடையே நிற்கிறது. ஆண்டுக்குச் சுமார் 2,500 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. கடற்காற்றின் ஈரம் என்றும் வற்றுவதில்லை. இங்கிலாந்துப் பிரபு பெரும் பொருள் செலவிட்டுக் கண்ணாடிக்குள் உண்டாக்க முயன்ற காற்று, இங்கே கூலிக்காரன் வீட்டு முற்றத்திலும் காசின்றி வீசுகிறது. தீபகற்ப மலேசியாவில் மட்டும் எண்ணூறுக்கு மேற்பட்ட ஆர்க்கிட் இனங்கள் இயற்கையாய் வளர்கின்றன. சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களின் கிளைகளில் வெண்புறாப் போன்ற சிறு பூக்கள் ஒரே நாளில் கொத்துக் கொத்தாய் மலர்வதைக் கண்டவர் பலருண்டு. அதுவே புறா ஆர்க்கிட். திடீர் மழையால் காற்றுக் குளிர்ந்தால், ஒன்பதாம் நாள் அவ்வட்டாரத்துச் செடிகள் எல்லாம் ஒருங்கே மலரும். ஒரே பகலில் வாடிவிடும். அதற்கு நீர் வார்த்தவர் யார்? வேலி கட்டியவர் யார்?

மரத்தின் மேல் அமர்ந்திருப்பதைக் கண்டு, "இது புல்லுருவி, மரத்தின் சாற்றை உறிஞ்சிக் கொழுப்பது" என்று பழிப்பாரும் உளர். வாண்டா என்னும் ஆர்க்கிட் குலத்தின் பெயரே, மரத்தின் மேல் வளரும் செடிகளைக் குறித்த வடமொழிச் சொல்லிலிருந்து வந்தது. அச்சொல் புல்லுருவிக்கும் வழங்கியது. உண்மை வேறு. புல்லுருவி தன் வேரை மரத்துள் செலுத்தி அதன் சாற்றைத் திருடும். மரத்தில் வாழும் ஆர்க்கிட்டோ பட்டையைப் பற்றி நிற்பதோடு சரி. அதன் வேரைப் போர்த்தியிருக்கும் பஞ்சு போன்ற வெண்ணிற உறை மழைநீரை உறிஞ்சிக் கொள்ளும்; வேண்டிய உணவை இலை ஆக்கிக் கொள்ளும். மரத்திடம் அது பெறுவது இடம் ஒன்றே. பிழைக்க வந்த இடத்தில் உழைத்து உண்பவனையும், பிறன் உழைப்பை உறிஞ்சி வாழ்பவனையும் ஒரே பெயரால் அழைப்பது செடிக்கும் அநீதி, மனிதனுக்கும் அநீதி. கடல் கடந்து வந்த நம் முன்னோர் இப்பழியை நன்கறிவர்.

அவர்கள் இங்கு வந்த கதையிலும் ஆர்க்கிட் கதையிலும் ஒரே மனிதரின் பெயர் வருகிறது. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராய் வந்த ஹென்றி ரிட்லி, பால்மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். காண்போரிடமெல்லாம் பால்மர விதையைத் திணித்ததால் "பித்தர் ரிட்லி" என்று நகைக்கப்பட்டார். பின்னர்க் காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. கங்காணிகள் வழியே தமிழர் இலட்சக்கணக்கில் வந்தனர். பூச்சோங் வட்டாரத்திலும் பால்மரக் காடும் ஈயச் சுரங்கமும் பரந்தன. லயத்திலே தொழிலாளி, மேட்டுப் பங்களாவிலே துரை. பங்களாத் தோட்டத்துப் பூவுக்குத் தண்ணீர் ஊற்றலாம். தன் லயத்து முன்னால் அதை வைத்துக்கொள்ளும் எண்ணம் எழாது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்றிருந்த காலம் அது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, இறங்காமல் செல்லும் உரிமையும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்றாயிருந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. மிதிவண்டியில் அமர்வதற்கே உயிர் கொடுத்தவர்கள், பூவின் மேல் எங்ஙனம் உரிமை கொண்டாடுவர்?

அதே ரிட்லி, 1893-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இலண்டன் தோட்டக்கலை இதழொன்றில் ஒரு புதிய ஆர்க்கிட்டை விவரித்தார். சிங்கப்பூரில் பிறந்த ஆர்மீனியப் பெண்மணி ஆக்னஸ் ஜோக்கிம், தம் வீட்டுத் தோட்டத்தில் இரு செடிகளைக் கலந்து அதனை உண்டாக்கினார் என்று அவர் எழுதினார். ஒன்று, பேராக்கின் கிந்தாச் சதுப்பில் களையாய் மண்டிக் கிடந்ததனால் "கிந்தாக் களை" என்றே அழைக்கப்பட்டது. மற்றொன்று பர்மாப் பக்கத்திலிருந்து வந்தது. களையும் வந்தேறியும் கலந்து பிறந்ததே வாண்டா மிஸ் ஜோக்கிம். கலப்பினால் குலம் கெடும் என்பார்க்கு இச்செடி மறுமொழி கூறும்: சுட்டெரிக்கும் வெயிலில் நிற்கும், ஆண்டு முழுதும் பூக்கும், தண்டை ஒடித்து நட்டால் தழைக்கும். 1899-இல் சிங்கப்பூர் மலர்க் கண்காட்சியில் முதற்பரிசு பெற்ற அவ்வம்மையார் அவ்வாண்டிலேயே மறைந்தார். பின்னர், "பெண்ணொருத்தி செய்திருப்பாளா? வண்டு செய்திருக்கும்" என்று ஐயுற்றோர் பலர். ரிட்லியின் எழுத்து கண்முன் இருந்தும் இவ்வையம் நெடுங்காலம் நீடித்தது. 1981-இல் சிங்கப்பூர் அப்பூவைத் தன் நாட்டு மலராக்கியது. அதனை உண்டாக்கியவர் அவரே என்று அந்நாட்டு அதிகாரிகள் ஏற்றதோ 2016-இல்தான்! பூவுக்குப் புகழ் வந்து முப்பத்தைந்து ஆண்டுகள் சென்ற பின்னரே பெண்ணின் அறிவுக்கு மதிப்பு வந்தது.

வேலியின் மற்றொரு பக்கத்தை உடைத்தது விஞ்ஞானம். ஆர்க்கிட் காய் ஒன்றில் இலட்சக்கணக்கான விதைகள் இருக்கும். ஆயினும் அவை தூசி போன்றவை, உள்ளே உணவில்லாதவை. ஒருவகைப் பூஞ்சணத்தின் துணையின்றி அவை முளைப்பதில்லை என்பதை 1899-இல் பிரெஞ்சு அறிஞர் நோயல் பெர்னார்ட் கண்டார். 1922-இல் அமெரிக்கரான லூயிஸ் நட்சன், சர்க்கரையும் உப்புச் சத்துக்களும் கலந்த கடற்பாசிக் கூழில், பூஞ்சணம் இல்லாமலே விதையை முளைக்க வைத்தார். சிங்கப்பூர்த் தோட்டத் தலைவர் ஹோல்ட்டம் 1928 முதல் இம்முறையைக் கைக்கொண்டு, கண்ணாடிக் குடுவைகளில் நாற்று வளர்க்கலானார். மலாயா ஆர்க்கிட் சங்கம் தோன்றியதும் அவ்வாண்டே. காட்டைக் கொள்ளையிட்டுத் தேடிய அரும்பொருள், ஆயிரக்கணக்கில் விளையும் பயிராயிற்று. இன்று சந்தையில் கட்டுக்கட்டாய் விற்கும் ஆர்க்கிட் பூ இக்குடுவையின் வழித்தோன்றலே.

அங்ஙனமாயின் வளர்ப்பது எப்படி? மண்ணில் புதைப்பதே பலர் செய்யும் தவறு. மரவாழ் ஆர்க்கிட்டுக்கு மண் கூடாது; வேர் மூச்சுவிட வேண்டும். துளையுள்ள சட்டியில் அடுப்புக்கரித் துண்டும் உடைந்த செங்கல்லும் இட்டுச் செடியை ஊன்றினாற் போதும். 1880-களில் கோலாலம்பூரைக் கட்டி எழுப்பச் செங்கல் சுட்ட இடமே பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர் பெற்றது. அத்தகைய செங்கல்லின் உடைசலே இப்பூவுக்குப் பீடமாகும் என்பதை எண்ணுங்கள்! வாண்டா மிஸ் ஜோக்கிமுக்கு ஒரு கம்பும் நிறைந்த வெயிலும் போதும். நிழல் விரும்பும் இனங்களை மரத்தடியில் தொங்கவிடுக. காலையில் நீர் தெளிக்க. மழை பெய்தால் அதுவும் வேண்டா. காட்டிலிருந்து பறித்து வருதல் மட்டும் கூடாது. நாற்றுப் பண்ணையில் வாங்குவதே நேர்மை.

பூச்சோங்கின் பால்மரக் காடுகள் மறைந்து அடுக்குமாடி வீடுகள் எழுந்துவிட்டன. கின்றாரா, காசல்பீல்டு என்னும் தோட்டப் பெயர்களை இன்று தமிழ்ப் பள்ளிகள் தாங்கி நிற்கின்றன. தோட்டம் விற்கப்பட்டபோது லயத்து முற்றத்தையும் முருங்கையையும் இழந்து மாடி ஏறிய குடும்பங்கள், "செடி வைக்க மண் ஏது?" என்று ஏங்குகின்றன. மண் கேளாத செடி ஒன்று உண்டு என்பதை அவர்களுக்கு யார் சொல்வது? அப்பள்ளிகளின் ஆசிரியர்கள் சொல்லலாம். பள்ளி மதிலோரம் பத்துச் சட்டிகள் தொங்கட்டும். ஒவ்வொரு சட்டியையும் ஒரு மாணவன் பேணட்டும். பாட்டனார் துரை வீட்டிலே நீர் வார்த்த செடியைப் பேரன் தனதென்று வளர்க்கட்டும். அது யாருக்குரிய பூ என்ற கேள்வியை அதன்பின் எவரும் கேட்க மாட்டார்.