கத்தரித்து வைக்க முடியாத செய்திகள்

இலுப்பைக்கடவையில் வாப்பாவுக்கு ஒரு கடை இருந்தது. வீடு தெற்கே விடத்தல்தீவில். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது, ஏறத்தாழ 75,000 பேரில் நாங்களும் ஒரு குடும்பம். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்கு வந்து சேர்ந்தபோது, உம்மா புடவைக்குள் மறைத்துக் கொண்டுவந்தது இரண்டே தாள்கள்தான். ஒன்று காணி உறுதி. மற்றது பத்திரிகையில் கத்தரித்த ஒரு துண்டு. எண்பதுகளில் நெல் கொள்வனவு பற்றி வந்த சின்னச் செய்தி. அதில் இலுப்பைக்கடவை வர்த்தகர் என்று வாப்பாவின் பெயர் இருந்தது.

யுத்தம் முடிந்து, திரும்பப் பதியப் போன இடத்தில், "நீங்க இங்க இருந்ததுக்கு வேற என்ன இருக்கு?" என்று கேட்டார்கள். வாப்பா உறுதியோடு அந்தத் துண்டையும் மேசையில் வைத்தார். அலுவலர் இரண்டு தரம் வாசித்தார். பிறகு அதுபற்றி ஒன்றும் கேட்கவில்லை.

இணையத்தில் மட்டும் வெளிவரும் செய்தித்தளங்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் அந்தத் துண்டுதான் ஞாபகம் வருகிறது. இன்று எங்கள் ஊர்ச் செய்திகளில் பெரும்பகுதி அங்கேதான் வருகிறது. முப்பது வருடம் கழித்து அதில் எதை எடுத்து மேசையில் வைப்போம்?

இலங்கை முஸ்லிம்களின் பத்திரிகை வரலாற்றை நாம் பெருமையோடு சொல்வது 1882 டிசம்பரில் கண்டியிலிருந்து சித்திலெப்பை தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' வார இதழை வைத்து. எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு 1883 ஜனவரியில் கொழும்பு வந்த ஒராபி பாஷாவைப் பற்றி அது எழுதியதை இன்றும் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். இதழ் நின்று நூறு வருடத்துக்கு மேலாகியும் அது சாத்தியப்படுகிறது என்றால், அச்சான பிரதிகள் எங்கோ தங்கியதால்தான்.

இலங்கையில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995-ல். இரண்டே வருடத்தில், 1997 ஜூனில், தமிழ்நெட் தொடங்கியது. அச்சுக்கூடம் இல்லை, விநியோக வாகனம் இல்லை. களத்திலிருந்த செய்தியாளர்கள் அனுப்பியதைப் பெயர் போடாமல் உலகத்துக்கு ஆங்கிலத்தில் கொடுத்தார்கள். அதை வழிநடத்திய தராக்கி சிவராம் 2005 ஏப்ரலில் கடத்திக் கொல்லப்பட்டார். 2007 ஜூனில் இலங்கைக்குள் அந்தத் தளம் தடுக்கப்பட்டது. 2008 ஜூலையில் இராணுவம் விடத்தல்தீவையும் தொடர்ந்து இலுப்பைக்கடவையையும் கைப்பற்றியபோது, சுயாதீனச் செய்தியாளர் யாரும் அங்கே போக முடியவில்லை. பிறந்த ஊருக்கு என்ன நடந்தது என்று, ஒரு பக்கம் பாதுகாப்பு அமைச்சின் தளத்தையும் மறுபக்கம் தமிழ்நெட்டையும் பார்த்துத்தான் புத்தளத்திலிருந்து ஊகித்தோம். அந்த இரண்டிலும் விடத்தல்தீவு முஸ்லிமின் குரல் இல்லை.

அந்தக் குரலுக்கு இடம் கொடுத்தவை பின்னால் வந்த சின்னத் தளங்கள். ஜப்னா முஸ்லிம், புத்தளம் ஒன்லைன் என்று பெயரிலேயே ஊரைச் சுமந்துகொண்டு வந்தன. ஜனாஸா அறிவித்தல், பள்ளிவாசல் செய்தி, மீள்குடியேற்றப் பிரச்சினை எல்லாம் வந்தன. கொழும்பிலும் லண்டனிலும் சிதறிக் கிடந்தவர்கள் ஒரே நாளில் ஒரே செய்தியை வாசித்தார்கள்.

ஆனால் இந்த வழி லேசானதல்ல. லங்கா ஈ நியூஸ் அலுவலகம் 2011 ஜனவரியில் தீ வைக்கப்பட்டது. அந்த வருட நவம்பரில் செய்தித்தளங்கள் ஊடக அமைச்சில் பதிய வேண்டும் என்றார்கள்; சில தளங்கள் தடுக்கப்பட்டன. 2012 ஜூலையில் பதிவுக்கு ஒரு இலட்சம் ரூபாய் அறவிட அமைச்சரவை தீர்மானித்தது. வீட்டுத் திண்ணையிலிருந்து ஒருவர் நடத்தும் தளத்துக்கு அது எவ்வளவு பெரிய தொகை! 2024-ல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்துவிட்டது.

இன்னொரு சிக்கல், வாசகன் வரும் பாதை. அவன் தளத்தின் முகவரியைத் தட்டி வருவதில்லை. பேஸ்புக், வட்ஸ்அப் வழியாக வருகிறான். 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போது அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. அதற்குச் சில நாள் முந்தி அம்பாறையில் கருத்தடை மாத்திரை என்ற பொய், பேஸ்புக்கில் ஓடித்தான் கடைகளையும் பள்ளிவாசலையும் உடைக்க வைத்தது. முடக்கியபோது பொய்யோடு சேர்த்து, பொய்யை மறுத்து எழுதியவர்களின் பாதையும் அடைபட்டது. எங்கள் தளங்களும் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒன்று போட்டதை மற்றது அப்படியே எடுத்துப் போடும். விசாரித்துப் பார்த்தது யார் என்று கேட்டால் பதில் இராது.

அதே தளங்கள் நிமிர்ந்து நின்ற காலமும் உண்டு. 2020-ல் கொரோனாவில் மௌத்தானவர்களை எரிக்கும் கட்டாயம் வந்தபோது அவை நாள்தோறும் எழுதின. டிசம்பரில் 20 நாள் குழந்தையின் ஜனாஸா எரிக்கப்பட்டதும், பொரளை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டியதும் கைத்தொலைபேசி வழியாகவே உலகத்துக்குப் போயின. 2021 மார்ச்சில், அடக்கம் செய்ய இரணைதீவு என்று அரசாங்கம் அறிவித்தது. இலுப்பைக்கடவைக்கு வடக்கே, எங்கள் பக்கக் கடல்தான் அது. யுத்தத்தில் இடம்பெயர்ந்து 2018-ல் திரும்பிய கத்தோலிக்க மீனவர்கள் எதிர்த்தார்கள். முஸ்லிம்களும் அவர்களின் வேதனையோடு நின்றார்கள். கடைசியில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது.

போன மாதம் இதை எழுதுவதற்காக, அந்த நாட்களில் நான் குறித்து வைத்த பதினொரு செய்தி இணைப்புகளைத் திறந்து பார்த்தேன். நான்குதான் திறந்தன. ஒரு தளத்தை நடத்தியவரிடம் கேட்டேன். "சேர்வர் காசு கட்ட ஏலாமப் போச்சு தம்பி, எல்லாம் போயிட்டு" என்றார். அவர்மீது கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. ஒரு சதம் வாங்காமல் எத்தனை ஜனாஸா அறிவித்தல் போட்டவர் அவர்.

ஆகவே கேட்பது பெரிய விஷயமல்ல. தளம் நடத்துகிறவர்கள் மாதம் ஒருமுறை முக்கிய செய்திகளை அச்செடுத்து, திகதியும் எழுதியவர் பெயரும் இட்டு, ஊர் நூலகத்திலோ பள்ளிவாசலிலோ ஒரு கோவையில் வைக்கட்டும். 2005 முதல் ஈழத்து ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்கும் ஒரு பிரதி அனுப்பட்டும். வாசிக்கிற நாம் அந்தச் சேர்வர் செலவில் ஒரு பங்கைக் கொடுப்போம்.

உம்மா புடவைக்குள் மறைத்தது ஒரு விரல் நீளத் தாள். அடுத்த தலைமுறையிடமும் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்பார்கள்.