பெரட்டுக்கு முந்திய வெளிச்சம்

1683இல் வானியலாளர் காசினி பாரிஸில் ஆராய்ந்த ராசிவட்ட ஒளி, கோள்களுக்கிடையே மிதக்கும் தூசியில் சிதறும் சூரிய வெளிச்சம். நிலநடுக்கோட்டுக்குச் சுமார் 7 பாகை வடக்கேயுள்ள இலங்கையின் நுவரெலியா, ஹட்டன் மலைகளில் சூரியப் பாதை ஆண்டு முழுதும் நன்கு நிமிர்ந்தே எழுவதால், நிலவில்லா நாளில் விடியுமுன் அந்த ஒளி கீழ்வானில் கூம்பாக நிற்கும். கோப்பிக் காலத்திலும், 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் தொடங்கிய தேயிலைக் காலத்திலும், தப்புப் பறைச் சத்தத்துக்கு விழித்து, பெரட்டு எனும் காலை ஆள்கணக்கெடுப்புக்கு நடந்த தமிழ்த் தொழிலாளரே இங்கு அதை அதிகம் கண்டிருக்கக்கூடியவர்கள் என்பேன். பனிமூட்டம் மறைத்திருக்குமே என்பார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் பல நாள் தெளிந்திருக்கும். எழுத்துச் சான்று எங்கே என்றால், தோட்ட வருகைப் பதிவேடான செக்ரோல் பதிந்தது பேரையும் வேலையையும்தான். கண்ட காட்சியை அல்ல. இன்று அகலக்கோண லென்ஸும் 20, 30 விநாடித் திறப்பும் அந்த ஒளியைப் பிடித்துவிடும். படமெடுக்கப் போகும் இளைஞர்களே, தோட்ட லயத்து வீடுகளின் முதியவர்களிடம் அந்த வானத்தைப் பற்றியும் கேட்டுப் பதிவுசெய்யுங்கள்.