ஐம்பத்தெட்டில் பெறுவதா, அறுபது வரை பொறுப்பதா? பணியில் தொடரும் தொழிலாளியும் 1995 ஓய்வூதியத் திட்டமும்

ஓய்வு வயது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. சில பஞ்சாலைகளில் 58, சில பொறியியல் தொழிற்சாலைகளில் 60. அதற்கு மேலும் ஒப்பந்த முறையில் அதே எந்திரத்தின் முன் நிற்பவர்கள் உண்டு. ஆனால் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம், 1995, பென்ஷன் வயது 58 என்பதில் உறுதியாக நிற்கிறது. ஆகவே 58 நிறைந்த பின்னும் வேலையில் தொடரும் ஒவ்வொருவர் முன்னும் ஒரு கேள்வி வருகிறது. சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே பென்ஷனையும் கேட்டு வாங்குவதா, 60 வரை தள்ளிவைத்துக் கூடுதலாகப் பெறுவதா?

"பொறுத்தால் கூடும்" என்பதே பொதுவாகக் கிடைக்கும் அறிவுரை. இந்தத் திட்டத்தைப் பொறுத்தவரை அது பெரும்பாலோருக்குத் தவறான அறிவுரை என்பதும், தவறு தொழிலாளியின் அவசரத்தில் இல்லாமல் விதியிலுள்ள 4% என்ற எண்ணில் இருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

திட்டத்தின் அமைப்பை முதலில் பார்க்கலாம். 1971-ஆம் ஆண்டின் குடும்ப ஓய்வூதியத் திட்டத்துக்குப் பதிலாக 1995 நவம்பர் 16-ஆம் நாள் இது நடைமுறைக்கு வந்தது. முதலாளி செலுத்தும் 12%-இல் 8.33% ஓய்வூதிய நிதிக்குப் போகிறது. மைய அரசு 1.16% சேர்க்கிறது. ஊதிய உச்சவரம்பு 2014 செப்டம்பர் முதல் ரூ. 15,000. பென்ஷனுக்குரிய ஊதியத்தைப் பணிக்கால ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாத பென்ஷன் கிடைக்கும். ஊதியம் என்பது கடைசி 60 மாதச் சராசரி. குறைந்தது 10 ஆண்டுப் பணி வேண்டும். வேலையை விட்டவர் 50 வயதிலிருந்தே கேட்கலாம். ஆனால் 58-க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4% வெட்டு விழும்.

வேலையில் இருந்துகொண்டே பென்ஷன் பெறலாமா என்பதில் இன்னும் பலருக்குத் தெளிவில்லை. பெறலாம். 58 நிறைந்ததும் ஓய்வூதியத் திட்டத்தின் உறுப்பினர் நிலை முடிகிறது. வருங்கால வைப்பு நிதியில் உறுப்பினர் நிலை தொடர்கிறது. இந்த மாற்றம் பி.எஃப். பாஸ்புக்கில் கண்ணுக்குத் தெரியும். ரூ. 15,000 ஊதியம் பெறுபவரின் பாஸ்புக்கில் மாதந்தோறும் மூன்று எண்கள் விழும்: தொழிலாளி பங்கு 1,800, முதலாளி பங்கு 550, பென்ஷன் பங்கு 1,250. 58 நிறைந்த அடுத்த மாதம் முதல் அது 1,800, 1,800, 0 என்று மாற வேண்டும். மூன்றாவது பத்தியில் இருந்த பணம் இரண்டாவதுக்கு வந்துவிடுகிறது. இரண்டாவது பத்தியிலுள்ள பணம் தொழிலாளியின் பெயரில் வட்டியோடு வளரும். மூன்றாவதில் இருப்பது பொது நிதியில் கலந்துவிடும், அதற்குத் தனிக் கணக்கும் இல்லை, வட்டியும் இல்லை. அலுவலகத்தில் பிறந்த தேதியைக் கவனிக்காமல் 58-க்குப் பிறகும் மூன்றாவது பத்தியிலேயே பணம் கட்டிக்கொண்டிருப்பதும், பிறகு பென்ஷன் கேட்டு 10-டி படிவம் கொடுக்கும்போது அதைச் சரிசெய்யச் சொல்லி மனு திரும்பிவருவதும் அறியாத சங்கதி அல்ல.

இனி தள்ளிவைக்கும் வாய்ப்பு. 2016-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, விரும்பும் உறுப்பினர் 58-க்குப் பதிலாக அதிகபட்சம் 60 வயது முதல் பென்ஷன் பெறலாம். தள்ளிவைக்கும் ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 4% கூடும். அந்த இரண்டாண்டில் பென்ஷன் பங்கைக் கட்டாமலும் தள்ளிவைக்கலாம், கட்டியும் தள்ளிவைக்கலாம். கட்டினால் அந்த ஆண்டுகளும் பணிக்காலத்தில் சேரும்.

கட்டாமல் தள்ளிவைப்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். 2014 அக்டோபரில் 46 வயதில் வேலைக்குச் சேர்ந்த ஒரு தொழிலாளியை எண்ணிக்கொள்வோம். (அதற்கு முன் சேர்ந்தவர்களுக்குப் பழைய உச்சவரம்பு, புதிய உச்சவரம்பு என்று இரண்டு பகுதியாகக் கணக்கிட வேண்டும், எளிமைக்காக அதைத் தவிர்க்கிறேன்.) ஊதியம் ரூ. 15,000. 2026-இல் 58 நிறையும்போது பணிக்காலம் 12 ஆண்டு. பென்ஷன் மாதம் ரூ. 2,571. இரண்டாண்டு தள்ளிவைத்தால் அவர் விட்டுக்கொடுப்பது 24 மாதப் பென்ஷன், அதாவது ரூ. 61,714. அதற்கு ஈடாக 60 வயது முதல் மாதம் ரூ. 206 கூடுதல். விட்ட பணம் கைக்குத் திரும்ப 300 மாதம் ஆகும். 60-உடன் 25 ஆண்டைக் கூட்டினால் 85 வயது. இந்தியாவில் 60 வயதை எட்டியவர் மேலும் வாழக்கூடிய சராசரிக் காலம் சுமார் 18 ஆண்டு. சராசரி ஆயுள் கொண்டவர் 78-இல் போய்ச்சேருவார். அவர் விட்ட பணத்தில் கால்வாசிக்கும் அதிகமான பகுதி அவருக்குத் திரும்பாமலே போயிருக்கும்.

பென்ஷன் தொகை எவ்வளவாக இருந்தாலும் இந்த 85 மாறாது. 24 மாதத்தை 0.08-ஆல் வகுத்தால் எப்போதும் 300 தான்.

இதுவும் வட்டியைக் கணக்கில் எடுக்காத கணக்கு. அதே தொழிலாளி 58-இலேயே பென்ஷனை வாங்கி, சம்பளத்தில் குடும்பம் நடத்தி, பென்ஷனை அப்படியே வங்கியில் போட்டு வைத்தால், 60 வயதில் அந்த ரூ. 61,714-க்கு 7% வட்டியில் மாதம் ரூ. 360 கிடைக்கும். தள்ளிவைத்தவருக்குக் கிடைக்கும் கூடுதலோ ரூ. 206. வட்டியே அதிகம், முதலும் கையில் நிற்கிறது. அவர் இறந்தால் அந்த முதல்தொகை மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ போகும். பென்ஷன் நிதியிலிருந்து மூலதனத்தைத் திரும்பப் பெறும் வாய்ப்பு 2008-இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

விலைவாசி இந்தக் கணக்கை மேலும் மோசமாக்குகிறது. இந்தப் பென்ஷனுக்கு அகவிலைப்படி இல்லை. 60 வயதில் கூடிய அந்த ரூ. 206, ஆண்டுக்கு 4% விலை ஏறினால் 85 வயதில் இன்றைய ரூ. 77-க்குத்தான் சமம். 4% என்பது நான் கற்பித்துக்கொண்ட எண் அல்ல; சில்லறைப் பணவீக்கத்துக்கு ரிசர்வ் வங்கி பின்பற்றும் இலக்கு அதுவே, அதுவும் 2016-இல் அறிவிக்கப்பட்டதுதான். ஆகவே தள்ளிவைத்ததற்கான பரிசு, அந்த இரண்டாண்டில் எதிர்பார்க்கப்படும் விலையேற்றத்தை ஈடுகட்டுவதோடு நின்றுவிடுகிறது. பொறுத்திருந்ததற்கான கூலி என்று எதுவும் மிஞ்சவில்லை.

மிகக் குறைந்த பென்ஷன்காரர்களின் நிலை இதைவிடக் கொடியது. 2014 செப்டம்பர் முதல் குறைந்தபட்சப் பென்ஷன் ரூ. 1,000. சூத்திரப்படி ரூ. 900 வருகிறவருக்கும் 1,000 தான் கிடைக்கும். அவர் இரண்டாண்டு தள்ளிவைத்தால் சூத்திரத் தொகை ரூ. 972 ஆகும், கைக்கு வருவது அப்போதும் அதே 1,000. ரூ. 24,000-ஐ விட்டுக்கொடுத்து ஒரு ரூபாய்கூடப் பெறாதவர் அவர். குறைந்த ஊதியத்தில், விட்டு விட்டு வேலை பார்த்து, பத்தாண்டைத் தட்டுத்தடுமாறி நிறைவு செய்தவர்கள்தான் இந்த வரிசையில் நிற்பவர்கள். விதியை எழுதியபோது இவர்களை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை என்றே எண்ண வேண்டியிருக்கிறது.

பங்கு கட்டித் தள்ளிவைப்பதற்கு வேறு கணக்கு. நேர்மையாகச் சொன்னால், அங்கே என் வாதம் சற்றுத் தளர்கிறது. மேற்சொன்ன தொழிலாளிக்குப் பணிக்காலம் 14 ஆகிறது. பென்ஷன் ரூ. 3,000, 8% சேர்த்தால் ரூ. 3,240. கூடுதல் மாதம் ரூ. 669. விட்டுக்கொடுப்பது 24 மாதப் பென்ஷனோடு, பி.எஃப். கணக்குக்கு வந்திருக்க வேண்டிய ரூ. 30,000-மும் சேர்த்து ரூ. 91,714. இது 137 மாதத்தில், 71 வயதளவில் திரும்பிவிடும். 7% வட்டியில் வைத்தால் அத்தொகை மாதம் ரூ. 535 தரும், முதல் அழியாது. ஆக, மாதம் ரூ. 134 கூடுதலுக்காக ரூ. 91,714 முதலை விடுவதா என்பதே கேள்வி. நீண்ட ஆயுள் கொண்ட குடும்பத்தில் பிறந்தவர், வேறு சேமிப்பு உள்ளவர், தன்னைவிட வயதில் மிகச் சிறிய மனைவி உள்ளவர் இதைத் தேர்ந்தெடுத்தால் அதைத் தவறென்று சொல்லமாட்டேன். கணவரின் பென்ஷனில் பாதி மனைவிக்குத் தொடரும். ஆனால் பணிக்காலம் நீள நீள இந்த வழியும் கசக்கிறது. பென்ஷன் ரூ. 5,000 பெறத் தகுதியுள்ளவருக்குத் திரும்பப் பெறும் வயது 74-ஐத் தாண்டுகிறது. நிதிக்கு அதிக ஆண்டு உழைத்துக் கொடுத்தவருக்கே பொறுத்திருப்பது அதிக நட்டம்.

"பொறுத்தால் கூடும்" என்ற அறிவுரை எங்கே செல்லும்? அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் செல்லும். 1960-இலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு அங்கே முழு ஓய்வு வயது 67. அதற்கு மேல் 70 வரை தள்ளிவைக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 8% கூடும். பன்னிரண்டரை ஆண்டில் விட்டது திரும்பிவிடும். விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் உயர்வும் உண்டு. வேலையில் இருந்தபடி முழு வயதுக்கு முன்னரே கேட்பவருக்கு அங்கே ஒரு தடையும் இருக்கிறது. சம்பாத்தியம் 2025-இல் 23,400 டாலரைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு 2 டாலருக்கும் 1 டாலர் பென்ஷனில் நிறுத்திவைக்கப்படும். நிறுத்திய மாதங்களை முழு வயது வந்ததும் கணக்கில் எடுத்துத் தொகையை உயர்த்துவார்கள். முழு வயதுக்குப் பின் இந்தத் தடை 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கிவிட்டது. ஜப்பானில் தள்ளிவைக்கும் மாதத்துக்கு 0.7%, அதாவது ஆண்டுக்கு 8.4%, 2022 ஏப்ரல் முதல் 75 வயது வரை தள்ளிவைக்க முடிகிறது. பிரிட்டன் முன்பு ஆண்டுக்குச் சுமார் 10.4% கொடுத்து வந்தது. 2016 ஏப்ரலுக்குப் பின் ஓய்வு வயதை எட்டியவர்களுக்கு அதை ஏறத்தாழ 5.8%-ஆகக் குறைத்தது. குறைத்த பிறகும் நம்முடைய 4%-ஐவிட அது மேல்.

அங்கே பொறுத்திருப்பதற்கு விலை கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் முழு வயதுக்கு முன் சம்பளத்தோடு பென்ஷன் வாங்குவதற்குத் தடையும் வைக்கிறார்கள். இங்கே பொறுத்திருப்பதற்கு விலை இல்லை. 58-க்குப் பின் இரண்டையும் சேர்த்து வாங்கத் தடையும் இல்லை. விதி முற்றிலும் வேறாக இருக்கும்போது அறிவுரை மட்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும்?

நியாயமான விகிதம் எது? வட்டியே இல்லை என்று வைத்தாலும், 18 ஆண்டு எஞ்சிய ஆயுளுக்கு ஓராண்டுப் பென்ஷனைப் பகிர்ந்தால் சுமார் 5.6% வருகிறது. 7% வட்டியையும், மனைவிக்குச் சேரும் பாதிப் பென்ஷனையும் கணக்கில் கொண்டால் 9% முதல் 10% வரை வரும் என்பது என் கணிப்பு. 58-க்கு முன்னதாகக் கேட்பவருக்கு வெட்டுவதும் இதே 4% தான். 57-இல் வாங்குகிறவர் அந்த ஓராண்டில் பெறும் தொகையை, பின்னால் குறையும் 4% விழுங்கித் தீர்க்க 24 ஆண்டு ஆகும். அப்போது வயது 82. முன்னால் வாங்குவது லாபம், பின்னால் வாங்குவது நட்டம் என்று ஒரே எண் இரு பக்கமும் வேலை செய்கிறது. நிதி வலுவாக நிற்க வேண்டுமானால் தொழிலாளிகள் தாமதித்து வாங்குவதுதான் நல்லது; விதியோ அவர்களை முன்னதாக வாங்கத் தூண்டுகிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் மதிக்கத்தக்கது ஒன்று உண்டு. சம்பளத்தோடு வரும் பென்ஷன் தங்காது, கல்யாணம், காதுகுத்து, பிள்ளைகளின் தேவை என்று கரைந்துவிடும், தள்ளிவைத்தால் அது பத்திரமாக இருக்கும் என்பது. உண்மைதான், கரையும். ஆனால் கரைவதெல்லாம் வீணாவதில்லை. ஆண்டுக்கு 10%, 12% வட்டியில் நகைக்கடன் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில், அந்தப் பென்ஷனால் நகையை மீட்டால் அதைவிட நல்ல முதலீடு அவருக்கு வேறில்லை. கட்டுப்பாடு வேண்டும் என்பவருக்கு, வேலையில் இருக்கும்வரை சம்பளத்திலிருந்து கூடுதலாக விருப்ப வைப்பு நிதியில் பிடிக்கச் சொல்லும் வழியும் இருக்கிறது. தொழிலாளியின் கைப்பணத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லி அவருக்கு நட்டமான ஒப்பந்தத்தைப் பரிந்துரைப்பது காப்பு ஆகாது.

தள்ளிவைப்பதும் தாமதிப்பதும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். தள்ளிவைக்க விருப்பம் தெரிவிக்காமல் விண்ணப்பத்தை மட்டும் காலம் கடந்து கொடுப்பவருக்கு 58 நிறைந்த நாளிலிருந்தே பென்ஷன் உரியது, நிலுவையும் சேரும். ஆனால் நிலுவைக்கு வட்டி இல்லை. 4% உயர்வும் இல்லை. அறியாமையால் தாமதிப்பவர் இரண்டு பக்கப் பலனையும் இழக்கிறார்.

ஆகவே இரண்டு கோரிக்கைகள். வைப்பு நிதியின் மைய அறங்காவலர் குழு தள்ளிவைப்பு விகிதத்தை 9%-க்குக் குறையாமல் உயர்த்த வேண்டும். குறைந்தபட்சப் பென்ஷன் பெறுகிறவர்களுக்கு அந்த உயர்வு ரூ. 1,000-இன் மேல் கிடைக்கும்படி விதியை எழுத வேண்டும். அது நடக்கும்வரை தொழிற்சங்கங்கள் செய்யக்கூடியது, 58-ஐ நெருங்கும் ஒவ்வோர் உறுப்பினரையும் உட்காரவைத்து, அவர் பாஸ்புக்கைத் திறந்து, இந்தக் கணக்கை அவருடைய எண்களிலேயே போட்டுக் காட்டுவது. பங்கு கட்டித் தொடரத் தனிக் காரணம் இல்லாதவர்கள் 58 நிறையும் மாதத்திலேயே 10-டி படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த மாதப் பாஸ்புக்கில் மூன்றாவது பத்தியில் 0 விழுந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.