காற்றுண்ணி என்னும் பிழை: பச்சோந்திக் கூண்டின் வரலாறு

பச்சோந்தி காற்றை மட்டுமே உண்டு வாழ்கிறது என முதலாம் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினி எழுதினார். இக்கருத்து ஐரோப்பாவில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நிலவியது. 1646இல் தாமஸ் பிரவுன், நாக்கு, பல், இரைப்பை ஆகிய உறுப்புகளையே சான்றாக வைத்து அதனை மறுத்தார்.

பிழைக்கான காரணம் அவ்வுயிரியின் இயல்பிலேயே உள்ளது. அது நெடுநேரம் அசையாதிருக்கும். கண்ணிமைக்கும் நேரத்தில் நாவை நீட்டி இரையைக் கவ்வும். பாத்திரத்து நீரைப் பெரும்பாலும் நாடாது, இலைத்துளிகளையே நக்கும். அதன் பசியும் தாகமும் காண்போர்க்கு எளிதில் புலப்படுவதில்லை. இன்றைய பராமரிப்பு நெறிகள் இவ்வியல்பை ஒட்டியே அமைந்தவை: காற்றோட்டமுள்ள வலைக்கூண்டு, ஏறுவதற்குக் கிளைகள், இலைமீது நீர்த்தூவல், வெயில் காயும் இடத்தோடு நிழல், குஞ்சுக்குச் சிறு பூச்சிகள்.

தென்னிந்தியப் புதர்க்காடுகளில் வாழும் இனத்திற்கு 1768இல் லாரென்டி இலங்கையின் பெயரைச் சூட்டினார். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதனை வீட்டில் வளர்த்தல் குற்றமாகும். ஆகவே பெங்களூரில் இத்தகைய கூண்டிற்கு உரிய இடம் மீட்பு மையமே. அதன் நோக்கம், நலம் பெற்ற உயிரை மீண்டும் காட்டில் விடுதல். குஞ்சொன்றைக் கண்டெடுப்போர் வனத்துறையிடம் ஒப்படைத்தல் வேண்டும். அசையாத உயிருக்குப் பசியில்லை என்று கருதிய பழம்பிழையை நம் வீட்டு வரவேற்பறையில் மீண்டும் நிகழ்த்த வேண்டுவதில்லை.