ட்ரையல் கடையில்... ஆர்டர் ஆன்லைனிலா? ஸ்கூபா கியர் வாங்கும் முன் இதைப் படியுங்க!

முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம்.

எனக்குச் சொந்த ஊர் குமரி மாவட்டம் புதுக்கடை. தேங்காப்பட்டணம் கடல் கூப்பிடு தூரம். ஆனாலும் கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசை வந்தது, சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகுதான். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஸ்கூபா என்றால் கைக்கெட்டும் தூரம், களியக்காவிளை தாண்டி கேரளத்தின் கோவளம். அங்கே ஒரு டைவ் கடையில் பயிற்சிக்குப் பேர் கொடுத்துவிட்டு, சொந்தமாக ஒரு மாஸ்க் வாங்கலாம் என்று உட்கார்ந்தேன்.

ஒரு மணி நேரம். ஐந்து மாஸ்க். கடைக்கார அண்ணன் ஒவ்வொன்றையும் முகத்தில் வைத்துப் பார்த்து, "இது உங்களுக்கு அகலம்", "இது மூக்குல இடிக்கும்" என்று கழித்து, கடைசியில் ஒன்றைக் கையில் கொடுத்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "நாளைக்கு வர்றேண்ணே" என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாப்பில் நின்று அதே மாடலை போனில் ஆர்டர் போட்டேன். 600 ரூபாய் மிச்சம்!

முதல் பயிற்சி நாள். தண்ணீருக்குள் போன அஞ்சாவது நிமிடம் மாஸ்க்குக்குள் கடல். கண் எரிச்சல், பதற்றம், மேலே வந்தாச்சு. மாஸ்க்கை வாங்கிப் பார்த்த அதே அண்ணனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "மாஸ்க்ல குறை ஒண்ணும் இல்ல தம்பி. ஸ்ட்ராப்பை ரொம்ப இறுக்கிட்டீங்க, அதான் ஓரம் மடங்கி தண்ணி வருது. மீசையையும் மூக்குக்குக் கீழ கொஞ்சம் ஒதுக்குங்க" என்றார். காசு வாங்கவில்லை. போகும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: "வெளியில விலை குறைவுன்னு எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே. முடியும்னா குறைச்சிருப்பேன், முடியலைன்னா ஏன்னு சொல்லியிருப்பேன்."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

இது ஹெட்போன் வாங்குற மாதிரி இல்லையா?

இல்லை. இனயம், குளச்சல், கடியபட்டணம் பக்கம் மூச்சடக்கி முங்கி, பாறையில் சிப்பி எடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் மேலே இழுத்த மூச்சோடு இறங்கி, அதே மூச்சோடு ஏறுகிறார்கள். ஸ்கூபா வேறு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தைப் போல இரண்டு மடங்கு. அந்த அழுத்தத்துக்கு ஏற்ற காற்றைத்தான் ரெகுலேட்டர் உங்கள் வாய்க்குக் கொடுக்கிறது. அதை நெஞ்சில் அடக்கிக்கொண்டு மேலே வந்தால், காற்று விரிந்து நுரையீரலையே கிழிக்கலாம். 'மூச்சை அடக்காதே' என்பதுதான் ஸ்கூபாவின் முதல் பாடம்.

கணக்கும் எளிது. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்தால் சுமார் 2,400 லிட்டர் காற்று. கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர், 10 மீட்டரில் 40 லிட்டர் இழுப்பார். புதுசா இறங்குறவர் பதற்றத்தில் இன்னும் வேகமாகக் காலி செய்வார். ஆக, கியர் விஷயத்தில் கடைக்காரர் உங்களிடம் பொய் சொன்னாலும், நீங்கள் அவரிடம் பொய் சொன்னாலும், இழப்பு காசோடு நிற்காது.

எதை முதலில் வாங்கணும்?

முழு செட்டையும் முதல் மாதமே வாங்க வேண்டிய அவசியமே இல்லை. பயிற்சியின்போது கியரை பெரும்பாலும் கடையே கொடுத்துவிடும். ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடித்து, பத்துப் பதினைந்து டைவ் போன பிறகு, எது உங்களுக்கு ஒத்து வருகிறது என்று உங்களுக்கே தெரியும். வரிசை இப்படி இருந்தால் நல்லது.

* மாஸ்க்: முதலில் இதுதான். ஸ்ட்ராப்பை மாட்டாமல், முடியை ஒதுக்கிவிட்டு முகத்தில் வையுங்கள். மூக்கால் மெதுவாக மூச்சை உள்ளே இழுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டி நின்றால் பொருத்தம். நீச்சல் கண்ணாடி கூடாது. உள்ளே அழுத்தத்தைச் சமன் செய்ய மூக்கால் காற்று விட வேண்டும், அதனால் மூக்கு மாஸ்க்குக்குள் இருந்தே ஆகணும். முகம் முழுக்க மூடும் ஸ்நார்க்கல் மாஸ்க்கையும் ஸ்கூபாவுக்குப் பயன்படுத்தக் கூடாது. பவர் கண்ணாடி போடுபவர்களுக்குப் பவர் லென்ஸ் பொருத்தும் மாடல்களும் உண்டு.
* ஃபின்ஸ், பூட்டீஸ்: காலைக் கடிக்கக் கூடாது, கழன்றும் போகக் கூடாது. பூட்டீஸோடு போடும் மாடல் என்றால், பூட்டீஸ் போட்டுக்கொண்டுதான் ஃபின்ஸை அளவு பார்க்கணும்.
* வெட்சூட்: நம் பக்கத்து வெதுவெதுப்பான தண்ணீருக்குப் பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் போதும். 'எதுக்கும் இருக்கட்டும்' என்று 7 மில்லிமீட்டரைத் தலையில் கட்டினால், ஏன் என்று கேளுங்கள்.
* டைவ் கம்ப்யூட்டர்: எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எவ்வளவு வேகமாக மேலே ஏறுகிறோம் என்று கணக்குப் பார்க்கும் கருவி.
* ரெகுலேட்டர், பி.சி.டி. ஜாக்கெட்: விலையில் பெரிய தலைகள். கடைசியில் வாங்குங்கள். தொடர்ந்து டைவ் போவீர்கள் என்று உறுதியான பிறகு போதும்.

சிலிண்டர்? அது கடையிலேயே இருக்கட்டும். இந்தியாவில் எரிவாயு சிலிண்டர் விதிகள் 2016-இன் கீழ் 'பெசோ' எனும் மத்திய அமைப்பின் ஒப்புதல் பெற்ற சிலிண்டர்தான் செல்லும். வெளிநாட்டு நண்பர் கொண்டுவந்த சிலிண்டரை 'ரொப்ப மாட்டேன்' என்று கடைக்காரர் சொன்னால், அவர் உங்களை ஏமாற்றவில்லை. சட்டப்படி நடக்கிறார்.

கடையில் நாம் சொல்ல வேண்டிய உண்மைகள்

ஏமாற்றுவது என்றாலே கடைக்காரர்தான் நம் மனசுக்கு வரும். ஆனால் நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை!

1. எத்தனை டைவ் போயிருக்கீங்க? நாலு போயிருந்தால் நாலு என்றே சொல்லுங்கள். 'முப்பது இருக்கும்ணே' என்று கெத்துக்குச் சொன்னால், முப்பது டைவ் போனவருக்கான கியரும், அவருக்கான ஆழமும் கிடைக்கும். ஓப்பன் வாட்டர் சான்றிதழின் எல்லையே 18 மீட்டர்தான்.

2. பட்ஜெட் எவ்வளவு? இதைச் சொல்ல வெட்கப்படவே வேண்டாம். 'எங்கிட்ட இவ்வளவுதான் இருக்கு, இதுக்குள்ள எது முக்கியம்?' என்று கேட்பதுதான் புத்திசாலித்தனம். நல்ல கடைக்காரர், 'இப்போ மாஸ்க் மட்டும் வாங்குங்க, மீதியை வாடகைக்கு எடுங்க' என்பார்.

3. ஆன்லைனில் பார்த்த விலை. போனைக் காட்டியே கேளுங்கள். அவரால் குறைக்க முடியலாம், முடியாமலும் போகலாம். இரண்டு பேருக்கும் அது அவமானம் இல்லை. கடையில் விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தால், அதற்குள் வாடகை இருக்கிறது, அளவு பார்த்துச் சொல்லும் நேரம் இருக்கிறது, மழைக்காலத்தில் கடல் கொந்தளித்து டைவிங் நின்று போகும் மாதங்களும் இருக்கின்றன. ஆன்லைனில்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் அதுவும் உங்கள் உரிமை. ஆனால், அளவு பார்க்க அவருடைய ஒரு மணி நேரத்தை எடுக்காதீர்கள். எடுத்தால், 'ஃபிட்டிங் பார்க்க எவ்வளவுண்ணே?' என்று கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.

4. உடம்பு. பயிற்சிக்கு முன் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா, இதயப் பிரச்னை, வலிப்பு, காது ஆபரேஷன் எல்லாம் அதில் கேட்பார்கள். 'ஆம்' என்று எழுதினால் டாக்டரிடம் அனுப்பிவிடுவார்களே என்று எல்லாவற்றுக்கும் 'இல்லை' போடுவது, கியரில் செய்யும் எந்தத் தப்பைவிடவும் பெரிய தப்பு.

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

* 'இதை யார் சர்வீஸ் பண்ணுவாங்க, ஸ்பேர் எங்கே கிடைக்கும்?' பல பிராண்டு ரெகுலேட்டர்களுக்கு ஒன்று அல்லது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அல்லது 100 டைவுக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது சர்வீஸ் தேவை. அந்த பிராண்டுக்கு இந்தியாவில் சர்வீஸ் இல்லையென்றால், 'ஆஃபர்' விலை பிறகு கையைக் கடிக்கும்.
* 'நீங்க அங்கீகாரம் பெற்ற டீலரா? வாரன்ட்டி யார் பேர்ல வரும்?'
* 'குளத்துல ஒருமுறை போட்டுப் பார்க்கலாமா?' பல கடைகள் சம்மதிக்கும்.
* 'சிலிண்டருக்கான காற்று எந்த கம்ப்ரஸர்ல அடைக்கிறீங்க, ஃபில்டர் எப்போ மாத்தினீங்க?' மூச்சுக்கான காற்றில் எண்ணெய்ப் புகையோ கார்பன் மோனாக்சைடோ கலந்தால் உயிருக்கே ஆபத்து. இந்தக் கேள்விக்குக் கோபப்படும் கடையில் ஒரு ஸ்நார்க்கல்கூட வாங்காதீர்கள்.

நேர்மையான கடைக்கு ஓர் அடையாளம் உண்டு. 'இது உங்களுக்கு இப்போ வேண்டாம்' என்று ஒரு பொருளையாவது சொல்லும்.

செகண்ட் ஹேண்ட் ஓகேவா?

ஃபின்ஸ், வெட்சூட் என்றால் தாராளமாக. ரெகுலேட்டர் என்றால் சீரியல் நம்பரும் கடைசி சர்வீஸ் ரசீதும் கேளுங்கள். ரசீது இல்லையென்றால் சர்வீஸ் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். பி.சி.டி. ஜாக்கெட்டை முழுசாக ஊதிவிட்டு அரை மணி நேரம் ஓரமாக வையுங்கள். தொய்ந்தால் எங்கேயோ ஓட்டை.

பில் முக்கியம் பாஸ்!

'பில் வேண்டாம்னா ஜி.எஸ்.டி. மிச்சம்' என்பது இனிப்பான பேச்சு. ஆனால் பில் இல்லாமல் வாரன்ட்டி கேட்பது கஷ்டம். வரி ஏய்ப்பில் நாமும் ஒரு கை கொடுத்ததாகிவிடும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. இறக்குமதிப் பொருள் என்றால் பாக்கெட்டில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. இருக்க வேண்டும். அந்த எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கக் கூடாது.

பிரச்னை என்றால் முதலில் கடைக்காரரிடமே நேரில் பேசுங்கள். முடியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கோவளத்தில் வாங்கிய பொருளுக்கு கோவளத்துக்கே அலைய வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், புதுக்கடைக்காரருக்கு அது நாகர்கோவில். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.

ஆனால், ஒரு விஷயம். 'கூகுள்ல ஒரு ஸ்டார் போட்டுடுவேன்' என்று மிரட்டி டிஸ்கவுன்ட் வாங்குவது நுகர்வோர் உரிமை இல்லை. ரிவ்யூ எழுதினால் நடந்ததை எழுதுங்கள். நல்லது நடந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

என் கதையின் மீதி? அந்த 600 ரூபாயை அவர் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். அதனால் ஃபின்ஸை அவரிடமே வாங்கினேன். இந்த முறை போனைக் காட்டி, 'அண்ணே, வெளியில இவ்வளவு போட்டிருக்கான்' என்று கேட்டுத்தான் வாங்கினேன். பாதி வித்தியாசத்தைக் குறைத்தார். மீதிப் பாதி எதற்கு என்று எனக்குத்தான் தெரியுமே!