அழுகுணி ஆட்டம்

'அழு' என்ற வினையடியில் பிறந்தது 'அழுகுணி'. எதற்கெடுத்தாலும் அழுபவர் என்பது நேர்ப்பொருள். தெருவிளையாட்டுக்கு வந்தபோது பொருள் சற்று நகர்ந்தது: அவுட் ஆன பிறகும் ஒப்புக்கொள்ளாமல் சிணுங்கி, விதியை வளைத்து ஆடுவது அழுகுணி ஆட்டம்.

எதிராளியை ஏமாற்றுவதெல்லாம் இதில் சேராது. கவுண்டர்-ஸ்ட்ரைக் என்ற கணினி விளையாட்டில் வெடிகுண்டைச் செயலிழக்க வைக்கும் பொத்தானை அழுத்தி, ஓசை எழுந்ததும் கையை எடுத்துவிடுவார்கள். பதறிப்போய் மறைவிலிருந்து எட்டிப் பார்ப்பவர் சுடப்படுவார். அது போக்குக் காட்டுவது, கபடியிலும் உண்டு. சுவருக்கு அப்பால் இருப்பவரைக் காட்டும் திருட்டு மென்பொருளை ஓட்டுவதுதான் அசல் அழுகுணி. ஸ்டார்கிராஃப்ட் என்ற இன்னொரு கணினி விளையாட்டில் தோல்வியை ஒப்புக்கொள்ளும் 'ஜிஜி'யைத் தட்டிவிட்டு, எதிராளி அசந்த நேரத்தில் தாக்குவது? மென்பொருள் எதுவும் இல்லைதான். ஆனாலும் என் கணக்கில் அதுவும் அழுகுணியே.