பல்கலைக்கழக மைதானங்களும் நம் கரைப் பெண்களும்

நூற்றாண்டு மலரைக் கையில் எடுக்கும் பழைய மாணவி முதலில் தேடுவது படங்களைத்தான். அதிபர்கள், ஆசிரியைகள், பரிசளிப்பு விழா, அவற்றுக்கு நடுவே கிண்ணத்தைச் சுற்றி நிற்கும் ஒரு வலைப்பந்தாட்ட அணி. படத்தில் உள்ள முகங்கள் நமக்குத் தெரியும். ஆனால் எந்த ஆண்டு, யாரை எதிர்த்து, எத்தனை புள்ளிகள் என்று கேட்டால் பெரும்பாலான படங்களின் பின்புறம் வெறுமையாகவே இருக்கும். அந்த அணிகளில் நின்றவர்கள் பலர் உயர்தரம் முடித்துப் பல்கலைக்கழகம் சென்றார்கள். அங்கே அவர்களுக்கு முன்னால் இருந்த விளையாட்டு மரபு என்ன, அதில் பெண்களுக்குக் கிடைத்த இடம் எவ்வளவு என்பதைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகளில் உலகம் அறிந்தது ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் படகோட்டம். அது 1829இல் தொடங்கியது. நம் நாட்டில் றோயல் கல்லூரிக்கும் சென் தோமஸ் கல்லூரிக்கும் இடையிலான துடுப்பாட்டத்தின் தொடக்கம் 1879. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் மோதி வருகின்றன. உயர்கல்வியில் சட்டக் கல்லூரி மாணவருக்கும் மருத்துவ மாணவருக்கும் இடையிலான துடுப்பாட்டம் பழைமையானது. இவற்றைப் பார்த்தால் ஒன்று விளங்கும். பகைமையினால் இந்த மரபுகள் வளரவில்லை. அதே இரு அணிகள் ஆண்டின் அதே காலத்தில் சந்தித்தன. வென்றது யார் என்பது எழுதி வைக்கப்பட்டது. இவை தொடர்ந்து நடந்தால் ஐம்பது ஆண்டுகளில் ஒரு சாதாரண ஆட்டம் ‘பிக் மேட்ச்’ ஆகிவிடும். தாத்தா ஆடியதைப் பேரன் பேசுவான்.

பெண்கள் அணிகளுக்கு இந்தத் தொடர்ச்சிதான் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் ஸ்டான்போர்ட், பேர்க்லி பல்கலைக்கழகங்களின் மாணவியர் 1896 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் கூடைப்பந்து ஆடினார்கள். இரு பல்கலைக்கழகங்களின் பெண்கள் அணிகள் மோதிய முதல் கூடைப்பந்தாட்டம் அது. ஸ்டான்போர்ட் 2க்கு 1 என்ற கணக்கில் வென்றது. பார்வையாளர்களாக ஆண்களை அனுமதிக்கவில்லை. மண்டபம் நிறையப் பெண்களே இருந்தார்கள். பெண்கள் மட்டும் பார்க்கும் ஆட்டம் என்பது நம் ஊருக்கு மட்டும் உரிய வழக்கம் என்று எண்ணுபவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம்.

ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பெண்களின் படகோட்டம் 1927இல் தொடங்கியது. ஏறத்தாழ நம் பாடசாலையின் வயது. ஆண்கள் ஓடும் அதே தேம்ஸ் நதிப் பாதையில், அதே நாளில் ஓட அவர்களுக்கு 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மெய்வல்லுநர் போட்டிகள் 1928இல் சேர்க்கப்பட்டன. ஆனால் 800 மீற்றர் ஓட்டம் பெண்களின் உடலுக்குத் தாங்காது என்று சொல்லி, அந்த ஒரு முறையுடன் நிறுத்தினார்கள். அது திரும்பி வந்தது 1960இல்தான். வசதி படைத்த நாடுகளிலேயே கதை இப்படி இருந்தது.

இலங்கையில் 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1942இல் அது இலங்கைப் பல்கலைக்கழகம் ஆனது. 1952இல் பேராதனைக்குப் பெயர்ந்தது. அந்த 1952இலேயே யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் கற்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தார். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் நாட்டுக்கு முதலாவது தங்கப் பதக்கத்தைப் பெற்றுத் தந்தார். பாடசாலை மைதானத்தில் தொடங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகம் வரை அவர் விளையாட்டையும் படிப்பையும் ஒன்றாகவே கொண்டு சென்றார். இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டும் என்ற பேச்சுக்கு அவரே பதில்.

கிழக்கில் இந்த வரலாறு பிந்தியே தொடங்கியது. மட்டக்களப்பு பல்கலைக்கழகக் கல்லூரி 1981இல் உருவாகி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. நான்கே ஆண்டுகளில் வந்தாறுமூலை வளாகம் அகதி முகாமானது. மைதானத்தில் ஆட வேண்டியவர்கள் உயிரைக் காத்துக்கொள்ள ஓடிய காலம் அது. போர்ச் சூழலில் அங்கே கல்வியைத் தொடர முடியாமற்போன மாணவர்களுக்காக 1995 ஒக்டோபரில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் முயற்சி அதன் பின்னால் இருந்தது. 1996 மே மாதம் அது முழுப் பல்கலைக்கழகம் ஆனது. ஒலுவில் வளாகம் வந்த பின், கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் என்று நம் ஊர்களின் பெண் பிள்ளைகள் வீட்டுக்கு அருகிலேயே பட்டம் பெறும் வாய்ப்பு உண்டாயிற்று. பேராதனைக்கு அனுப்பத் தயங்கிய வாப்பாமார் ஒலுவிலுக்குத் தயங்கவில்லை.

பல்கலைக்கழகம் சென்ற பெண் எவ்வளவு உயரம் போகலாம் என்பதற்கு நமக்கு அருகிலேயே சான்று உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்து கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பயின்ற தர்ஜினி சிவலிங்கம் இலங்கை வலைப்பந்தாட்ட அணியின் தூணாக விளங்கினார். 6 அடி 10 அங்குல உயரம். வீதியில் நடந்தால் திரும்பிப் பார்க்க வைத்த அந்த உயரமே, 2009இலும் 2018இலும் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வெல்லத் துணை நின்றது.

உடை பற்றியும் பேசாமல் விட முடியாது. 2011இல் தலையை மூடி ஆடியதற்காக ஈரான் பெண்கள் உதைபந்தாட்ட அணி, ஒலிம்பிக் தகுதிகாண் ஆட்டத்தில் ஆட விடாமல் தடுக்கப்பட்டது. 2014இல் உதைபந்தாட்ட விதிகள் மாறித் தலைமறைப்புக்கு அனுமதி கிடைத்தது. 2017இல் சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமும் வழிவிட்டது. ஆகவே ‘இந்த உடையோடு ஆட விடமாட்டார்கள்’ என்ற காரணம் இன்று செல்லாது. 2018இல் அறுகம்பேயில் பெண்களுக்கென்றே கடலலைச் சறுக்கல் கழகம் உருவானது. நாட்டிலேயே அத்தகைய முதலாவது கழகம் அது. வெளிநாட்டார் வந்து சறுக்குவதைப் பல ஆண்டுகள் கரையில் நின்று பார்த்த ஊர்ப் பெண்கள், பலகையோடு தாங்களே கடலில் இறங்கினார்கள். ஏச்சும் கேட்டார்கள், இறங்கவும் செய்தார்கள்.

இன்று இலங்கைப் பல்கலைக்கழக மாணவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். விரிவுரை மண்டபத்தை நிறைப்பவர்கள் மைதானத்தையும் நிறைக்கிறார்களா என்பதே நம் முன் உள்ள கேள்வி. தடைகள் பெரிய தத்துவங்கள் அல்ல. விரிவுரை முடிய மாலை நான்கு மணி. மஃரிபுக்கு முன் வீடு சேர வேண்டும். அந்த இடைவெளியில் மைதானம் ஆண்கள் அணியின் கையில் இருக்கும். பெண் பயிற்றுநர் இல்லையென்றால் உம்மா சம்மதிக்க மாட்டா. உடை மாற்ற ஓர் அறை இல்லையென்றால் பிள்ளையே போகாது. நேரம், பயிற்றுநர், அறை ஆகிய மூன்றையும் ஒரு பாடசாலையோ பல்கலைக்கழகமோ மனம் வைத்தால் ஒரே தவணையில் சீராக்கலாம். வந்தாறுமூலையும் ஒலுவிலும் ஒரே கடற்கரையின் இரு வளாகங்கள், இயல்பான எதிரணிகள். இவற்றின் பெண்கள் அணிகள் ஆடும் ஒவ்வோர் ஆட்டத்தின் கணக்கும் பெயர் விபரத்துடன் பேணப்பட்டால், நம் பேத்திமாருக்கும் ஒரு ‘பிக் மேட்ச்’ இருக்கும்.

அந்தக் கணக்கு தொடங்கும் இடம் பாடசாலைதான். இங்கேதான் நம் இழப்பும் பெரிது. 2004 டிசம்பர் 26இல் கடல் கரையோர வீடுகளைக் கொண்டுபோனபோது, மனிதர்களோடு படப்பெட்டிகளும் சான்றிதழ்களும் பதக்கங்களும் போயின. எஞ்சியவை இப்போது டோஹாவிலும் லண்டனிலும் சிட்னியிலும், அலுமாரிகளின் அடித்தட்டில் கிடக்கின்றன. எஞ்சிய நினைவுகளோ ஐம்பதும் அறுபதும் கடந்த பழைய மாணவிகளின் மனங்களில் உள்ளன. அவையும் காலத்துக்குக் கட்டுப்பட்டவை.

ஆகவே பழைய மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்களிடம் உள்ள அணிப் படத்தை எடுத்து, ஆண்டு, விளையாட்டு, எதிரணி, முடிவு, நிற்பவர்களின் பெயர் ஆகியவற்றைப் பின்புறம் எழுதுங்கள். தோற்ற ஆட்டத்தையும் எழுதுங்கள்; தோல்வியை மறைத்த கணக்கு கணக்காகாது. அதன் பிரதியைப் பழைய மாணவிகள் சங்கத்துக்கு அனுப்பி வையுங்கள். இல்ல விளையாட்டுப் போட்டியில் அஞ்சலோட்டக் கோலை வாங்க இன்று கை நீட்டி நிற்கும் சிறுமிக்கு, தனக்கு முன்னால் ஓடியவர்கள் யார் என்று தெரிய வேண்டும்.